ஒத்ஸோ பயந்த குளிர்காலம்

ஒத்ஸோ எங்கள் கடைக்கு வேலைக்கு வந்தபோது தொழிற்பள்ளிப் படிப்பை முடித்து ஒரு கோடைதான் ஆகியிருந்தது. எங்கள் மொழியில் ஒத்ஸோ என்றால் கரடி. வந்தவனோ ஒல்லியாக, தோள் கூனி, வாசல் மணி அடித்தாலே திடுக்கிடுகிறவனாக இருந்தான். முதலாளி வெய்யோ முதல் நாளே கிண்டலை ஆரம்பித்துவிட்டார்.

"கரடின்னு பேரு வெச்சு முயலை அனுப்பியிருக்காங்க பாரு, ரைலி."

"முயலா இருந்தா என்ன, மெஷினைக் கடிச்சு வைக்காம இருந்தா சரி," என்றேன்.

நான்தான் ரைலி. கயானி ஊரில் ஆற்றுப் பாலத்தை ஒட்டியிருக்கும் அந்தக் கணினிக் கடையில் முன்மேசை என்னுடையது. பழுதான மெஷின்களை வாங்கிச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். பின்னறையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்ப்பது ஒத்ஸோவின் வேலை.

கை சுத்தமான பையன். திருகாணிகளை வரிசையாகக் காந்தத் தட்டில் வைத்துக்கொள்வான். ஆனால் தொலைபேசி அடித்தால் எழுந்து கழிப்பறைக்குப் போய்விடுவான். ஒருமுறை நான் காபி ஊற்றப் போயிருந்தபோது அது அடித்தது. திரும்பி வந்து பார்த்தால், அது அடித்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி நிற்கிறான்.

"எடுத்தா என்ன, கையில ஒட்டிக்குமா?"

"என்ன சொல்லணும்னு தெரியல, ரைலி. எதிர்ல ஆள் இருந்தா மூஞ்சியாவது தெரியும்."

தனியாக ஓர் அறைக் குடியிருப்பில் இருந்தான். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் அவனுக்கு ஒதுக்கிய தடுப்பில், மூடிப்போன மதுக்கடை ஒன்றிலிருந்து தூக்கி வந்த உருண்டை விளையாட்டு மெஷின் ஒன்று இருந்தது. விளக்கெல்லாம் மின்னி, எஃகு உருண்டை இங்குமங்கும் மோதி ஓடுமே, அது. கம்பி கம்பியாக அதைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"சரியானதும் நல்லா ஆடுவியா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஆட வராது. உள்ள எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான்."

அது போக, வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும் சங்கத்தில் இருந்தான். இலையுதிர் காலம் வந்தால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பொல்லூவாரா மலைக் காட்டில் இருட்டில் ஓடுவார்கள். தொலைபேசிக்குப் பயப்படுகிறவன் இருட்டுக் காட்டில் எப்படி ஓடுகிறான் என்று எனக்கு ஆச்சரியம்.

"காட்டுல யாரும் நம்மகிட்ட எதுவும் கேக்க மாட்டாங்களே," என்றான்.

நவம்பரில், முதல் பனி விழுந்து சேறாகிக் கிடந்த ஒரு வாரத்தில், மார்யுத் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மழலையர் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். கணவன் இல்போ ஊருக்கே தெரிந்தவன். பையன்களுக்குப் பனி ஹாக்கி சொல்லிக் கொடுப்பவன். என் அக்கா மகன்கூட அவனிடம்தான் ஆடிக்கொண்டிருந்தான். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம், பெரிய கை, கையை நீட்டினால் குலுக்கித்தான் விடுவான்.

"சும்மா வெச்சிருந்தாலும் விசிறி சுத்திட்டே இருக்கு. பேட்டரி மதியம் வரைக்கும்கூடத் தாங்கல," என்றாள் மார்யுத். சொல்லும்போதே இரண்டு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள். குளிர் உள்ளே வருகிறதோ என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முற்பகல். வெய்யோ சரக்கு எடுக்கக் குவோப்பியோவுக்குப் போயிருந்தார். கடையில் நாங்கள் இருவர்தான். பின்னறையிலிருந்து ஒத்ஸோ கூப்பிட்டான்.

"ரைலி, இங்க வாங்களேன்."

மார்யுத்தின் மடிக்கணினி இணையத்தில் இணைந்து மேசையில் திறந்திருந்தது. திரையில் எனக்குப் புரியாத வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"விசிறி ஏன் சுத்துதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இதுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சு உக்காந்திருக்கு. அவங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் அனுப்புது. கேமராவில படம் எடுத்து அனுப்புது. பக்கத்துல பேசறதையும் ஒட்டுக்கேட்டு அனுப்புது."

"யாருக்கு?"

திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினான். மின்னஞ்சல் முகவரி ஒன்று. ஹாக்கி அணியின் பெயரும் இல்போவின் பெயரும் சேர்ந்தது.

"போடா. இல்போவை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆள் இல்ல," என்றேன்.

அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. திரைக்கு மேலே இருந்த கடுகளவு துளையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. நாங்கள் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தோம். அதைப் பற்றி, அதன் காதில் விழும்படி, பெயர் சொல்லிப் பேசியிருந்தோம்.

இணையத்தைத் துண்டித்து மூடியைச் சாத்தினான். மூடி இரண்டு தடவை டக்டக்கென்று அடித்துக்கொண்டது.

"போயிருக்குமா?" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன்.

"தெரியல. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறைதான் மொத்தமா அனுப்பும். எப்ப அனுப்புச்சுன்னு நான் பாக்கல."

முன்மேசையில் தொலைபேசி அடித்தது. ஒத்ஸோ சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் போய் எடுத்தேன்.

"ரைலியா? இல்போ பேசறேன். மார்யுத்தோட மெஷின் உங்ககிட்டதானே இருக்கு? அவளுக்கு வர நேரமில்ல, நானே வந்து எடுத்துக்கறேன்."

"இன்னும் வேலை முடியலையே, இல்போ."

"பரவாயில்ல, அப்படியே குடுங்க. உங்க பையனை ரொம்பத் தோண்ட வேண்டாம்னு சொல்லுங்க."

குரல் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. தொலைபேசியை வைத்த பிறகும் என் கை அதன் மேலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் அவனுடைய வேன் வந்து நின்றது. உள்ளே வந்து, சப்பாத்தைத் தட்டி, கையுறையை ஒவ்வொரு விரலாக உருவிக் கழற்றினான். சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் கொடுப்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் என் தலைக்கு மேலாகப் பின்னறையைப் பார்த்தான்.

"உள்ள யாரு? வெளிய வா, பையா. தின்னுட மாட்டேன்."

ஒத்ஸோ வந்தான். கையில் திருப்புளி இருந்ததை மறந்துபோயிருந்தான் என்று நினைக்கிறேன்.

"என்னப்பா ஆச்சு அதுக்கு?"

"விசிறி... விசிறி போயிடுச்சு. பிரிச்சுப் போட்டிருக்கேன்."

"பிரிச்சதை ஒரு பையில அள்ளிப் போட்டுக் குடு."

"குடுத்தவங்கதான் வாங்கணும்."

"நான் அவ புருஷன்."

"தெரியும்," என்றான் ஒத்ஸோ.

இல்போ மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். "தெரியுமா? வேற என்னெல்லாம் தெரியும் உனக்கு?"

அதற்குள் ஒரு கிழவர் அச்சுப்பொறி மை வேண்டுமென்று உள்ளே வந்தார். இல்போ நிமிர்ந்து பழையபடி சிரித்தான்.

"நீ பொல்லூவாராவுல தலையில விளக்கு மாட்டிட்டு ஓடறவன்தானே? பாத்திருக்கேன். தனியாவே ஓடறே. இப்பல்லாம் வழுக்கும், பாத்துப் போ." கதவருகே போய் என்னிடம் திரும்பினான். "உங்க அக்கா பையன் இந்த வருஷம் நல்லா ஆடறான், ரைலி."

கிழவருக்கு மை எடுத்துக் கொடுத்துவிட்டு நான் பின்னறைக்குப் போனபோது ஒத்ஸோ கழுவுதொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

மார்யுத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. நான் தொலைபேசியை எடுத்தேன். அவன் தடுத்தான்.

"போன்ல வேண்டாம். மெஷின்ல போட்டவர் போன்ல போடாமலா இருப்பார்? நேர்ல போறேன்."

"நானும் வரேன். கடையைப் பூட்டிடலாம்."

"பூட்டியிருந்தா அவர் பாத்துப் புரிஞ்சுக்குவார். நீங்க இருங்க."

இப்படிப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தைரியத்தில் பேசியதாகவும் தெரியவில்லை. பயத்தில் அவன் மூளை வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான்.

அதன் பிறகு நடந்தது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காப்பகத்தின் முன்கூடத்தில் குழந்தைகளின் ஈர உடுப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பொடியன் ஒற்றைக் காலுறையோடு வந்து இவனை அண்ணாந்து பார்த்தான்.

"நீ யாரோட அப்பா?"

"யாரோட அப்பாவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தே?"

மார்யுத் வந்தாள். ஒத்ஸோ தன் கைப்பேசியை எடுத்துக் காட்டி, கையால் காதை மூடிக் காட்டி, வெளியே வரும்படி சைகை செய்தான். அவள் உடனே புரிந்துகொண்டாள். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது: ஏற்கெனவே மனசுக்குள் பாதி தெரிந்தவர்கள்தான் அப்படிச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கைப்பேசியைக் கோட்டுப் பையிலேயே விட்டுவிட்டு, பின்முற்றத்தில் மணல்தொட்டிப் பக்கம் அவனோடு வந்து நின்றாள்.

அவன் சொன்னான். திக்கித் திக்கிச் சொன்னான்.

"நான் தங்கச்சிகிட்ட பேசினதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியுதுன்னு எவ்வளவு நாளா யோசிச்சிட்டிருக்கேன் தெரியுமா?" என்றாளாம் அவள். "நீதான் தூக்கத்துல உளர்றேன்னு சொன்னார். நானும் நம்பினேன். வாயில துணி வெச்சுக் கட்டிட்டுப் படுத்தேன். டாக்டர்கிட்டகூடப் போனேன், எனக்குப் பைத்தியமான்னு கேக்க."

ஒத்ஸோ நன்றியை எதிர்பார்த்துப் போனானோ என்னவோ. அவளுக்கு வந்தது கோபம்.

"இதை ஏன் இன்னிக்குச் சொன்னே? சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குத்தானே போகணும்? போ. அதை எடுத்திருந்தா மறுபடி உள்ள போடு. நாளைக்கு நானே வந்து வாங்கிக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன். யோசிக்க நேரம் வேணும் எனக்கு."

அவளிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்ததாக என்னிடம் ஒத்துக்கொண்டான். பிறகு சொன்னான்.

"நான் அந்த மெஷின் முன்னாடியே சத்தமாப் பேசிட்டேன். அவர் கேட்டிருப்பார்னு நெனைக்கிறேன். கடைக்கு வந்து மிரட்டிட்டுப் போனார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளே குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தபோது கோபமும் போயிருந்தது.

"அப்ப இன்னிக்கே," என்றாள்.

காப்பகத் தலைவியிடம் இரண்டு வார்த்தை பேசினாள். தன் கோட்டைக் கொக்கியிலேயே விட்டாள். அதன் பையில் கைப்பேசி விழித்துக்கொண்டே இருந்தது, அவள் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டு. தலைவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைவியின் காரில் பின்வாசல் வழியாகப் போனாள். வீட்டில் அடி உதைக்குப் பயந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றுக்கு. அது எந்த ஊரில் என்று ஒத்ஸோவிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சங்கத்தின் ஓட்டப் பயிற்சி. வீட்டுக்குப் போகச் சொன்னேன். தனியறையில் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது, அங்கே நாலு பேர் இருப்பார்கள் என்று மிதிவண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் விடுவார்கள். வரைபடத்தைக் கையில் வாங்கிக் காட்டுக்குள் நுழைந்ததும் அவன் மறுபடி தனி ஆள்.

எப்போதும் காடு அவனுக்கு அடங்கி இருக்குமாம். அன்று இல்லை. ஊசியிலை மரத்துக்கு மரம் யாரோ நிற்பதாகத் தெரிந்தது. தன் மூச்சே பின்னால் யாரோ ஓடி வருகிற மாதிரிக் கேட்டது. நின்று நின்று திரும்பிப் பார்த்ததில் கடைசி ஆளாகிவிட்டான்.

மேட்டிலிருந்து கீழே வண்டிகள் நிறுத்தும் இடம் தெரிந்தது. சங்கத்துக்காரர்கள் யாரையும் காணவில்லை. ஒரே ஒரு வேன், முன்விளக்கு எரிந்தபடி. வெளிச்சம் முழுவதும் அவனுடைய மிதிவண்டி மேல் விழுந்திருந்தது.

நெற்றி விளக்கை அணைத்துவிட்டுப் பாசியில் குப்புற விழுந்தான்.

"ஒத்ஸோ!" இல்போவின் குரல். மிரட்டல் இல்லை. பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கும்போது கேட்கும் அதே குரல். "பையா, விளக்கை அணைச்சதைப் பாத்தேன். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். அவ எங்கன்னு மட்டும் சொல்லிடு."

அந்தக் குரல் அவ்வளவு மென்மையாக இருந்ததுதான் தன்னை உலுக்கிவிட்டது என்பான் ஒத்ஸோ. "அவர் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், ரைலி."

அந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு வந்துசேர்ந்தானா என்று கேட்க நான் அழைத்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அதை ஈரப் பாசிக்குள் அழுத்தி, அதன் மேல் படுத்துக்கொண்டான். நானோ எடுக்கவில்லையே என்று மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே காலடிச் சத்தம். மெல்லிய பனி நொறுங்கும் சத்தம். மேடேறி வருகிறான்.

ஒத்ஸோ எழவில்லை, கைப்பேசியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முழங்காலிலும் முழங்கையிலும் ஊர்ந்து பின்வாங்கினான். மேட்டுக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. வரைபடம் மனசில் இருந்தது. தண்ணீர் முழங்கால் வரை வந்தது. இன்னும் சரியாக உறையவில்லை. ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை. சாலையோரப் பெட்ரோல் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே விழுந்தபோது, கல்லாவில் இருந்த பெண் கரடியைப் பார்த்தவள் மாதிரிக் கத்தியிருக்கிறாள்.

அவசர எண்ணை அவனே அழுத்தினான். எதிர்முனையில் கேட்டார்கள், என்ன ஆயிற்று என்று. அவனுக்குப் பல் கிட்டிக்கொண்டது, குரல் வரவில்லை. அந்தப் பெண்தான் கைப்பேசியை வாங்கி, "இங்க ஒரு பையன், ஒரு கால்ல சப்பாத்து இல்ல, யாருக்கோ பயந்து நடுங்கறான், ஆள் அனுப்புங்க," என்று பேசினாள். பிறகு தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தாளாம்.

போலீஸ் போனபோது இல்போ வேனில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். பையன் காட்டில் வழி தவறிவிட்டானோ என்று கவலைப்பட்டுத் தேடி வந்ததாகச் சொன்னான். அன்று அவனை விட்டுவிட்டார்கள். மறுநாள் மார்யுத் வாக்குமூலம் கொடுத்த பிறகுதான் கடைக்கு வந்து மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

குவோப்பியோவிலிருந்து திரும்பிய வெய்யோ குதித்தார். "டேய், விசிறியைப் பாருன்னா விசிறியைப் பாக்கணும். ஊர்க்காரன் குடும்பத்துக்குள்ள எதுக்குடா நுழையறே?" ஹாக்கிப் பையன்களின் பெற்றோர் பலர் எங்கள் வாடிக்கைக்காரர்கள், சிலர் வருவதை நிறுத்தினார்கள். என் அக்கா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் பின்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கி, தன் கையாலேயே பொருத்தியவரும் வெய்யோதான். அந்தக் குளிர்காலம் முழுவதும் சாயங்காலம் ஒத்ஸோவைத் தன் காரில் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒத்ஸோ காட்டுக்குப் போகவில்லை. நிலவறைக்கும் போகவில்லை, அங்கே ஒரே ஒரு கதவுதான் என்றான். எடை குறைந்தான்.

வசந்தத்தில் ஒத்ஸோவைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். இல்போ நல்ல சட்டை போட்டு, எங்களுக்குத் தலையாட்டி வணக்கம் சொன்னான். ஒத்ஸோ பேசும்போது தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். இல்போவின் வக்கீல் கேட்டார்: "விசிறியைச் சரிசெய்யக் கொடுத்த கணினிக்குள் உங்களுக்கு என்ன வேலை?"

"விசிறி ஏன் சுத்துதுன்னு தேடினேன்," என்றான் ஒத்ஸோ. "அதனாலதான் சுத்துச்சு." குரல் அடியில் போய்விட்டது. நீதிபதி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னான்.

இல்போ சிறைக்குப் போகவில்லை. நிறுத்திவைத்த தண்டனைதான். மார்யுத்தின் பக்கம் வரக் கூடாது, ஒத்ஸோவை நெருங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஊரில்தான் இருக்கிறான். பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஒருமுறை பெரிய அங்காடியில் வரிசையில் அவனைப் பார்த்து, ஒத்ஸோ ரொட்டியும் பாலும் இருந்த கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். உத்தரவு இருக்கிறதே, நீ ஏன் ஓடுகிறாய் என்று கேட்டேன். "உத்தரவு என் காலுக்குத் தெரியலையே," என்றான்.

இப்போது மறுபடி காட்டில் ஓடுகிறான், ஆனால் சங்கத்துப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து. அவளும் எங்கள் தொழில்தான், மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுக்கு வழி தவறும், இவனுக்குத் தவறாது. உருண்டை மெஷின் அரைகுறையாகவே கிடக்கிறது.

மார்யுத் வேறு ஊருக்குப் போய்விட்டாள். வருடத்தில் சில தடவை பேருந்தில் வருவாள், புதுக் கைப்பேசியையும் புது மடிக்கணினியையும் ஒரு துணிப்பையில் சுற்றிக்கொண்டு. இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு வருவாள். முன்மேசைக்கு எதிரே உட்காருவாள். நான் காபி கொடுப்பேன், ஆறிப்போகும்.

போன வாரமும் வந்தாள். ஒத்ஸோ பின்னறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் துணிப்பையை மடியில் வைத்து ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "இன்னொரு தடவை பாத்துடறியா?"

ஒத்ஸோ கணினியை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான். அவள் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தான்.